வியாழனுக்கு மறுநாள்

தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க எனக்கு மனம் வரவில்லை. உன்னைப் பெற்ற எனக்கு நலமா இல்லையா என்று ஊரெல்லாம் நீதான் சொல்லிக்கொண்டு திரிகிறாயே, அதை நான் வேறு எழுத வேண்டுமா? தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நீ அரிச்சுவடி படித்த காலத்தில், சாயங்காலம் விளக்கடியில் உன் பக்கத்தில் உட்கார்ந்து நானும் எழுத்துக் கற்றேன். உன் கைக்குப் படியாத ழகரம் என் கைக்கு முதலில் படிந்தது. உனக்கு அது மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. அந்தக் கையால்தான் இதை எழுதுகிறேன், ஆள் வைத்து எழுதவில்லை. கோபத்தில் எழுதுகிறேன், ஆனால் புத்தியோடு எழுதுகிறேன். ஒரு பொம்பளை கோபப்பட்டால் அவளுக்குப் புத்தி இல்லை என்று நினைக்கிறவர்களோடு நீ ரொம்ப நாள் வேலை பார்த்துவிட்டாய், அதனால் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பாச்சாங்கிலிருந்து உனக்கு மாமியாராக வரப்போகிற அம்மாள் வந்தார். டுரியான் துங்காலில் பஸ்ஸை விட்டு இறங்கி, அந்தச் செம்மண் பாதையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் நம் லயத்துக்கு நடந்தே வந்தார். பாவம், நல்ல மனுஷி. நானும் காப்பி போட்டுக் கொடுத்து, பாய் விரித்து உட்கார வைத்தேன். உட்கார்ந்ததும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, காது கேட்காத குழந்தையிடம் பேசுவதுபோல ஒவ்வொரு வார்த்தையாக உரக்கக் கேட்டார். "அக்கா, சாப்ட்டீங்களா? இது என்னா தெரியுதா? வாழப்பழம். பசார்ல வாங்கியாந்தேன்." எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "வாழப்பழம்னு தெரியுதும்மா, சீப்புல ரெண்டு அழுகலுன்னும் தெரியுது," என்றேன். அந்த அம்மாளுக்கு முகம் சுருங்கிவிட்டது. அப்புறம்தான் விஷயத்தை அவிழ்த்தார். "தம்பி எல்லாம் சொல்லிட்டாரு அக்கா. ஆப்பரேசன்ல குடுத்த மருந்துல உங்களுக்கு இப்படி ஆயிடுச்சுன்னு. பரவால்ல லா, நீங்க ஒண்ணும் சிரமப்பட வேணாம். மணவறையில தாயார் செய்யுறத தம்பியோட அத்தையே செய்யட்டும். நீங்க சும்மா ஒரு பக்கமா உக்காந்திருந்தா போதும்."

ஒரு பக்கமாக உட்கார்ந்திருக்க வேண்டுமாம். உன்னைப் பெற்று, ஒன்றரை வயசு வரைக்கும் முதுகில் தூளி கட்டி மரத்தடிக்குத் தூக்கிப்போய், கொசுவிடமிருந்து காப்பாற்றி வளர்த்தவள், உன் கல்யாணத்தில் ஒரு பக்கமாக உட்கார வேண்டுமாம். வந்தவரை நான் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு யார் என்ன சொன்னார்களோ அதைத்தானே அவர் நம்புவார்? சொன்னவன் நீ. அதனால் பதிலும் உனக்குத்தான். இந்தக் கடிதத்தை நீ ஒருவன் மட்டும் படித்துவிட்டு மடித்து வைக்கக் கூடாது. பெண் வீட்டார் எல்லோரும் கூடியிருக்கும்போது உரக்கப் படிக்க வேண்டும். உனக்குத் தெரிந்த கதையையே நான் திரும்ப ஆதியிலிருந்து எழுதுவது அவர்களுக்காகத்தான்.

நான் உன் அப்பா பெயரைச் சொல்வதில்லை. சொன்னால் கட்டியவன் ஆயுசு குறையும் என்று என் அம்மா சொல்லிவைத்தாள். அதை நம்புகிறாயா என்று நீ கேட்டால், நம்பாமல் சொல்லிப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை, அவ்வளவுதான். அவர் பெயர் சுண்ணாம்பின் நிறத்தில் தொடங்குகிறது. அதனால் அந்த நிறத்தையும் நான் வாயால் சொல்வதில்லை. அந்தச் சத்தம் வருகிற கிழமை ஒன்று இருக்கிறது, அதற்கு வியாழனுக்கு மறுநாள் என்று பெயர் வைத்துக்கொண்டேன். இந்த நாட்டில் தமிழர்கள் காசுக்குச் சொல்லும் பெயரிலும் அதே சத்தம் இருப்பதால், கடையில் நான் ரிங்கிட் என்று மலாயில்தான் பேசுவேன். பூண்டு வெறும் பூண்டு, துரைமார் வெறும் துரைமார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பாட்டியோ அத்தையோ இருப்பார்கள், நினைத்துப் பாருங்கள் சம்பந்தி அம்மா.

தம்பி, உனக்கு இது தெரியாததா? சின்ன வயசில் உனக்கு இதுதானே விளையாட்டு! வயல் பக்கம் கொக்கு இறங்கினால் போதும், என் சேலையைப் பிடித்து இழுப்பாய். "அம்மா, அந்தக் கொக்கு என்னா கலரு?" "பால் நெறம்டா." "பாலு என்னா கலரு?" "கொக்கு நெறம்டா, போடா அந்தாண்ட." நீயும் அப்பாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பீர்கள். எப்படியாவது என் வாயிலிருந்து அந்தச் சொல்லைப் பிடுங்கிவிட வேண்டும் என்று நீ போட்ட தந்திரத்துக்கு அளவே இல்லை. ஒரு தடவைகூட நான் சிக்கியதில்லை. தோற்றுப்போய் என் மடியில் விழுந்து சிரிப்பாய். அந்தப் பிள்ளையை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவன் எங்கே போனான் என்றுதான் தெரியவில்லை.

ரப்பர் விலை விழுந்து, பாதி லயம் காலியாகி, ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த வருஷம் எனக்கு வயிற்றில் கட்டி வந்தது. லூபோக் சீனா போகிற ரோட்டில், பல தோட்டங்கள் சேர்ந்து நடத்திய ஆஸ்பத்திரியில் நீ அப்போதுதான் டாக்டருக்கு உதவியாக, டிரஸ்ஸர் வேலைக்குச் சேர்ந்திருந்தாய். என் மகன் இருக்கிற ஆஸ்பத்திரி என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன். வாசலிலேயே நீ என்னிடம் சொன்னது என்ன? "அம்மா, வார்டுல எல்லார் முன்னாலயும் ராசா, ராசான்னு கூப்புடாத. இங்க எனக்கு மரியாத இருக்கு." சரிடா ராசா என்றேன், அதற்கும் முறைத்தாய். அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். பெற்ற மனம், விளங்கவில்லை.

மேசையில் படுக்க வைத்து, கம்பிக் கூடு ஒன்றை மூக்கின்மேல் கவிழ்த்து, அதன் மேல் துணியைப் போட்டு, ஈதரைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். ரப்பர் பாலை உறைய வைக்கிற ஆசிட் நெடியோடு பிழைக்கிறவள் நான், எந்த நெடிக்கும் அசைய மாட்டேன் என்று நினைத்திருந்தேன். இது வேறு. இனிப்பாக வந்து தொண்டையை நெரித்தது. "மூச்ச நல்லா இழும்மா," என்று நீ சொன்னது தூரத்து லயத்திலிருந்து யாரோ கூப்பிடுவதுபோலக் கேட்டது. அப்புறம் ஒன்றும் இல்லை. தூக்கத்திலாவது தூங்கினோம் என்று எழுந்த பிறகு தெரியும், இதில் அதுவும் இல்லை. நடுவிலே ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனையையும் முடிச்சுப் போட்ட மாதிரி இருந்தது.

கண் விழித்து வாந்தியெடுத்து, மறுபடி தூங்கி, மறுபடி விழித்து, எத்தனை தடவை என்று தெரியாது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு மணி அடித்துவிட்டார்களா, பேர் கூப்பிட்டுவிட்டார்களா என்று கேட்டேனாம். இறந்துபோன உன் தங்கச்சிக்குப் பால் கொடுக்க வேண்டும் என்று எழுந்தேனாம். வார்டு நர்ஸான மிஸ்ஸி சொன்னாள். அதையெல்லாம் நான் மறுக்கவில்லை. மருந்து உள்ளே இருந்தது, அது பேசியிருக்கும். ஆனால் ஒரு நாள் காலையில் துரை டாக்டர் என் கட்டிலருகே வந்து நின்றபோது நான் தெளிந்துதான் இருந்தேன். வயிறு வலித்தது, வாய் கசந்தது, ஜன்னலுக்கு வெளியே யாரோ புல் வெட்டினார்கள். உன் சட்டையில் மேல் பித்தான் இல்லை, தைத்துக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவு தெளிவு.

மருந்து தெளிந்ததா என்று பார்க்க டாக்டர் உன்னைக் கேள்வி கேட்கச் சொன்னார். எப்போதும் என்னை நீ என்று பேசுகிறவன், அன்று "உங்க புருசன் பேரு என்ன?" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம்பி, உண்மையைச் சொல்கிறேன், நீ அந்தப் பழைய விளையாட்டைத்தான் விளையாடுகிறாய் என்று நினைத்தேன். வலியில் கிடக்கிற அம்மாவைச் சிரிக்க வைக்கிறான் என் பிள்ளை என்று நினைத்தேன். தையல் இழுக்க இழுக்கச் சிரித்து, தலையை ஆட்டினேன். டாக்டர் உன் முகத்தைப் பார்த்தார். அடுத்து அவர் கட்டில் துணியைத் தொட்டுக் காட்ட, "இது என்ன நிறம்?" என்றாய். "சுண்ணாம்பு நெறம்." "இன்னிக்கு என்ன கிழமை?" "வியாழனுக்கு மறுநாளு." நான் சரியாகச் சொன்னேன்! கிழமைகூடத் தவறவில்லை! நீ டாக்டரிடம் திரும்பி இங்கிலீஷில் ஏதோ சொன்னாய். எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று நினைத்தாயாக்கும். தோட்டத்தில் துரைமார் கணக்கெழுதும் கிராணியிடம் சத்தம் போடுவதைக் கேட்டுக் கேட்டு, "டோன்ட் நோ" என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். தெரியவில்லை என்றாய். அவளுக்குத் தெரியவில்லை என்றாய்.

தெரியாதது துரைக்கு. அவர் பிறந்த சீமையில் பொம்பளை புருஷன் பெயரை வீட்டு வாசலில் நின்று கூவுவாளாம், அவர் கேட்டது அவருக்கு நியாயம். மிஸ்ஸி மலாக்கா போர்த்துகீஸ் வீட்டுப் பெண், அவளுக்கும் தெரிய வழியில்லை. அந்த வார்டில் அன்று நின்றவர்களில் தெரிந்தவன் நீ ஒருவன்தான். "எங்க ஆளுங்க பொம்பளைங்க புருசன் பேரச் சொல்லமாட்டாங்க, வேற கேளுங்க" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு வாய் வெற்றிலை போடுகிற நேரம் ஆகுமா? அதைச் சொல்லியிருந்தால் அன்றோடு முடிந்தது.

சொல்லவில்லை. என்னை வார்டுக் கோடியில் கம்பி போட்ட ஜன்னல் அறைக்கு மாற்றினார்கள். தினமும் அதே கேள்வி, அதே பெயர், அதே துணி. கேட்கிறவன் நீ. நான் கெஞ்சினேன். "தம்பி, அவருகிட்ட எடுத்துச் சொல்லுடா." நீ என் கண்ணைப் பார்க்காமல், "சும்மா இரும்மா, ரெஸ்ட் எடு" என்றாய். எனக்குக் கோபம் வந்து தட்டைத் தள்ளினேன். அதையும் நோய்க்கணக்கில் சேர்த்தார்கள். புத்தி பேதலித்தவர்களை வைக்கிற ஆஸ்பத்திரி வடக்கே இருக்கிறது, ரயிலில் அனுப்ப வேண்டியிருக்கும் என்று மிஸ்ஸி மலாயில் ஆயாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அன்றைக்குத்தான் பயந்தேன். அந்தக் கட்டடத்துக்குள் போனவர் திரும்பி வந்து நம் தோட்டத்தில் யாரும் பார்த்ததில்லை.

அப்பா வந்தார். லயத்து ஆட்கள் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, வேலைக்குப் போட்ட அழுக்குச் சட்டையோடு ஓடி வந்தார். என்னைக் கம்பிக்குப் பின்னால் பார்த்ததும் அவர் முகம் போன போக்கை நீயும் பார்த்தாய். "ஏன்டா, ஒனக்குத் தெரியாதா? நீ சொல்லலியா?" என்று கேட்டார். நீ சொன்ன பதிலை ஒரு சொல் விடாமல் எழுதுகிறேன், பெண் வீட்டாரும் கேட்கட்டும். "எப்படிப்பா டாக்டர்கிட்ட போயி இதெல்லாம் சொல்றது? காட்டுமிராண்டி ஜனங்கன்னு நெனைக்க மாட்டாரா? எனக்கு வெக்கமா இருக்காதா?"

அவர் உன்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அவருக்கு அடிக்கத் தெரியாது. என் பக்கம் திரும்பி, "சொல்லிடு புள்ள," என்றார். நான் மாட்டேன் என்றேன். "நானே சொல்றேன்ல, எனக்கு ஒண்ணும் ஆவாது. சொல்லிடு, வீட்டுக்குப் போயிரலாம்." டாக்டரைக் கூப்பிட்டார்கள். நீ கேட்டாய். நான் சொன்னேன். அத்தனை வருஷம் என் நெஞ்சுக்குள் வைத்திருந்ததை, சம்பந்தமில்லாத மனுஷர்கள் நடுவில், ஊசி மருந்து வாடையில் சொன்னேன். இங்கே எழுதமாட்டேன். சொல்லி முடித்ததும் எனக்கு அழுகை வந்து அடங்கவில்லை. டாக்டர் சந்தோஷமாக என் தோளில் தட்டி, "குட், குட்" என்றார். குணமாகிவிட்டேனாம். உன்னையும் பார்த்தேன். நீ சிரித்தாய், பெரிய பாரம் இறங்கிய மாதிரி. அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. இதை மறைத்து எழுத எனக்கு வராது.

அடுத்த மாதம் அப்பாவுக்கு மலேரியாக் காய்ச்சல் வந்து நடுங்கியபோது, கொசுவால் வருகிறது என்று தெரிந்தும் நான் என் வாயில் அடித்துக்கொண்டேன். அவர் பிழைத்தார். நீ மூன்று வரி எழுதிப் போட்டாய், குயினைன் கொடுக்கச் சொல்லி.

இதில் பெரிய கூத்து என்ன தெரியுமா? அவர்கள் தெளிந்துவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பிய பிறகுதான், எனக்குத் தெளியாதது எவ்வளவு என்று தெரிந்தது. ரசத்தில் உப்புப் போட்டேனா இல்லையா என்று தெரியாமல் இரண்டு தடவை போடுவேன். குழாயடியில் வாளியோடு நிற்பேன், பிடிக்க வந்தேனா, கொட்டிவிட்டு வந்தேனா என்று நினைவு வராது. பாலுக்கு மரப்பட்டை வெட்டப் போனால் அதைவிட மோசம். என் நிரையில் எந்த மரத்தை வெட்டினேன், எதை விட்டேன் என்று அடியோடு மறந்துவிடும். பட்டையில் பால் புதிதாக வடிகிறதா என்று குனிந்து பார்த்துத்தான், இதை வெட்டியது நான்தான் என்று தெரிந்துகொள்வேன். ஆள் குறைக்கிற காலம். வேலை வாங்குகிற மண்டோருக்குத் தெரிந்தால் இரண்டு பேரையும் கப்பலேற்றிவிடுவார்கள். அப்பா தன் நிரையை அரக்கப்பரக்க முடித்துவிட்டு என் நிரைக்கு வந்து, விட்ட மரங்களை யாருக்கும் தெரியாமல் வெட்டிக் கொடுத்தார். ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை.

இதையெல்லாம் எந்த டாக்டரும் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை. ஒரு தடவை வந்து பார்த்து, "உப்பு மறந்துபோவுதாம்மா?" என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். மருந்து கொடுத்து மனுஷர்களைத் தூங்க வைக்கிற வேலை பார்க்கிறாயே, இனிமேலாவது இதைக் கேட்டுக்கொள். கண் விழிக்கிறவளிடம் அவள் வாழ்க்கையைக் கேள். பிள்ளைகளுக்கு என்ன பெயர், எந்த நிரையில் வேலை, அடுப்பில் எதை முதலில் போடுவாள் என்று கேள். அவள் வீட்டுக்குப் போன பிறகும் யாராவது போய்ப் பார்க்கட்டும். நாவு சீக்கிரம் தெளிந்துவிடும், நடுவில் அறுந்துபோனது மெல்லத்தான் கூடும். பொறுமையாக ஒருத்தர் கூட நடக்க வேண்டும். எனக்கு உன் அப்பா நடந்தார்.

எனக்கு எப்போது முழுதாகத் தெளிந்தது தெரியுமா? ஒரு நாள் காலை மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்துப் பாலை வழித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று நீ சொன்ன "வெக்கமா இருக்காதா" காதில் கேட்டது. அதற்கு முன் சொன்னது, பின் சொன்னது, பித்தான் இல்லாத சட்டை, டாக்டரின் கை, எல்லாம் வரிசையாக ஒன்று விடாமல் வந்தது. அன்று ஒரு மரத்தையும் நான் விடவில்லை. வீட்டுக்கு வந்து உப்பை ஒரே தடவை போட்டேன். அப்பா ஒரு வாய் ரசம் குடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "வந்துட்டியா புள்ள," என்றார். கோபம்தான் என்னைக் கொண்டுவந்து சேர்த்தது. அதனால் இதை நோய் என்று யாரும் சொல்ல விடமாட்டேன்.

கட்டப்போகிறவள் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கூப்பிடட்டும். டவுனில் வளர்ந்த பெண், படித்தவள், எனக்கு ஒரு குறையும் இல்லை. அவளுக்கும் உனக்கும் என்ன பழக்கமோ அது உங்கள் பாடு. ஆனால் நாளைக்கு அவள் வாய் திறக்க முடியாமல் கிடக்கிற இடத்தில், அவளுக்காகப் பேச வேண்டியவன் நீயாக இருப்பாய். அன்றைக்கும் பக்கத்தில் நிற்கிற பெரிய மனுஷன் என்ன நினைப்பான் என்று பார்த்துக்கொண்டு நிற்பாயா? அந்தப் பெண் வீட்டார் இதைக் கேட்டுவிட்டு முடிவு செய்யட்டும். நான் ஒன்றும் கல்யாணத்தைக் கெடுக்க வரவில்லை. என் இடத்தை எடுத்துக்கொள்ளத்தான் வருகிறேன்.

மணவறையில் உன் தாய் நான்தான், அத்தை இல்லை. அதற்கு முன்னால் நீ உன் வாயால் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று. அன்று என் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது, தெரியாது என்று சொன்னவன் நான் என்று சொல்ல வேண்டும். துரையிடம் சொல்ல வெட்கப்பட்டாய், சரி. சொந்த ஜனத்திடம் சொல்லவும் வெட்கமா?

எனக்காவது கம்பிக் கூட்டை மாட்டி, சொட்டுச் சொட்டாக விட்டார்கள், சில மாதத்தில் தெளிந்துவிட்டேன். உனக்கு எவன் எதை விட்டான் ராசா, இன்னும் தெளியவில்லையே?

பதில் எழுத வேண்டாம். நேரில் வந்து சொல். ரசம் வைத்திருப்பேன், உப்பு சரியாக இருக்கும்.

உன் அம்மா,
எழுதிய கிழமை: வியாழனுக்கு மறுநாள்.